‘வளர்ப்பு யானை’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமலை தெப்பக்காடு, ஆனைமலை கோழிகமுத்தி முகாம்களைப் பற்றிய செய்திகளில் ‘வளர்ப்பு யானை’ என்ற சொல் தவறாமல் வருகிறது. தங்கள் நாளிதழ் மட்டுமல்ல, எல்லா இதழ்களும் அப்படித்தான் எழுதுகின்றன. கறவை மாடும் வளர்ப்பு விலங்கு, பெட்டித் தேனீயும் வளர்ப்பு, கூண்டுக் கிளியும் வளர்ப்பு. இது வெறும் நடை சார்ந்த குறை என்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வேலைகளுக்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், யானையிடம் எதை எதிர்பார்க்கலாம், விதைக்கு எடுத்த சுரை ஏன் கசக்கிறது, தேனீ ஏன் பெட்டியை விட்டு ஓடுகிறது என்பதெல்லாம் வாசகருக்குக் குழம்பிப் போகிறது.

முதல் வேலை, தனியொரு விலங்கை மனிதருக்கு இணங்க வைப்பது. அது அந்த விலங்கின் ஆயுளோடு முடிந்துவிடும். இரண்டாவது, எந்தக் காளை பொலிக்கு (இனப்பெருக்கத்துக்கு) நிற்கலாம், எந்தக் கதிர் அடுத்த போகத்துக்கு விதை என்று மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்து, பிறவியிலேயே வேறாகிவிட்ட ஓர் இனத்தை உண்டாக்குவது. முதலாவதற்குப் பழக்குதல், வசக்குதல் என்று நம் உழவர் வாயிலேயே சொல் இருக்கிறது. இரண்டாவதற்கு ‘வீட்டு விலங்காக்கல்’ என்றும் ‘கொல்லைப்படுத்தல்’ என்றும் எழுதுகிறார்கள். முன்னது நெல்லுக்கும் எள்ளுக்கும் ஒட்டாது. பின்னது நல்ல ஆக்கம்தான். ஆனால் கொல்லை என்பது தஞ்சைப் பக்கம் வீட்டின் பின்புறம், வேறு பகுதிகளில் புன்செய். போதாக்குறைக்கு ஓரெழுத்துப் பிழை விழுந்தால் கொள்ளையாகிவிடும். விலங்குக்கு ‘வளர்ப்பினம்’, செடிக்குப் ‘பயிரினம்’ என்று நாங்கள் வகுப்பில் சொல்லி வந்தோம். வேறு நல்ல சொல் கிடைத்தால் அதுவும் சரிதான். இரண்டு வேலைக்கும் ஒரே சொல் கூடாது என்பதே எங்கள் வாதம்.

வேறுபாடு நன்றாகத் தெரியும் இடம் உழவு மாடு. கிடாரி ஆனாலும் காளைக் கன்று ஆனாலும் ஒன்று, ஒன்றரை வயதில் மூக்குக் குத்துகிறார்கள். இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவே குருத்தெலும்பு முடிந்து, விளிம்புக்கு முன்னால் மென்மையான சதை கொஞ்சம் இருக்கும். துளை அங்கேதான் விழ வேண்டும். குருத்தெலும்பில் குத்தினால் புண் ஆறாது, பிறகு கயிற்றைத் தொட்டாலே மாடு தலையை உதறும். விளிம்பை ஒட்டிக் குத்தினால் ஒரு வெட்டி இழுப்பில் மூக்கு அறுந்துவிடும். குத்தியதும் மென்மையான நூல்கயிற்றைக் கோத்து, இரண்டு வாரமாவது அதைப் பிடித்து இழுக்காமல் ஆறவிட வேண்டும். மழைக்காலத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்பதால் வேப்பெண்ணெய் தடவுவது வழக்கம்.

இரண்டரை, மூன்று வயதில் வசக்கத் தொடங்குவார்கள். பழகிய கிழட்டு மாட்டோடு வெறும் நுகத்தடியில் பூட்டி நடக்கவிடுவது முதல் கட்டம். இடத்தைக்கு (நுகத்தடியின் இடப்பக்கத்துக்கு) பழக்கினால் கடைசிவரை இடத்தையிலேயே பூட்டுவார்கள். மாற்றிப் பூட்டினால் மாடு திணறும். அடுத்தது, உழுத மண்ணில் ஒரு மரக்கட்டையை இழுக்கவிடுவது. அதன் பிறகுதான் காலி வண்டி. முதல் வாரங்களில் விடிகாலை அரைமணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. முழு வேலைக்கு நான்கு வயதாவது ஆகட்டும். அவசரப்பட்டுப் பாரம் ஏற்றினால் இரண்டு கேடு வரும்: கழுத்தில் நுகத்தடிப் புண், அதைவிட மோசம், பாரம் தாங்காமல் ஒருமுறை படுத்துப் பார்த்த மாடு, படுத்தால் அவிழ்த்துவிடுகிறார்கள் என்று கற்றுக்கொள்வது. அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

இத்தனை உழைப்பிலும் ஓர் அணுவளவுகூட அடுத்த தலைமுறைக்கு இறங்குவதில்லை. ஏர் மாடு காயடிக்கப்பட்டது; அதற்கு வாரிசே இல்லை. மாட்டை வளர்ப்பினமாக்கியது மூக்கணாங்கயிறு அல்ல, காயடித்தலும் பொலிகாளைத் தேர்வும்தான். முட்டும் கன்று, மெலிந்த கன்று, தாயின் பால் குறைவான கன்று இவற்றுக்கெல்லாம் காயடித்துவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் பொலிக்கு நிறுத்தினால், மந்தையின் மரபு அந்த ஒன்றிரண்டின் வழியாகவே போகிறது. பர்டிசோ இடுக்கியால் (தோலை அறுக்காமல் வெளியிலிருந்தே நசுக்கும் கருவி) காயடிக்கும்போது இரண்டு விந்து நாளங்களையும் தனித்தனியாக நசுக்க வேண்டும். இரண்டு நசுக்கல் கோடும் ஒரே நேரில் அமையக் கூடாது. அமைந்தால் விரைப்பைக்கு ரத்தம் போகாமல் தோல் அழுகும். ஒரு நாளம் நழுவிப் போனால் அந்த மாடு ஏரும் இழுக்கும், ஊர்ப் பசுக்களையும் சினைப்படுத்தும். ஒன்றரை மாதம் கழித்து விரை சுருங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். தேர்வு என்று புத்தகத்தில் படிப்பது களத்தில் இப்படித்தான் தப்பிப்போகும்.

காங்கேயம் மாடு இதற்கு நல்ல சான்று. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்து வந்த மந்தைகளில் பொலிகாளையைக் கண்ணும் கருத்துமாகத் தேர்ந்தெடுத்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் தேர்வின் பலனை இன்று எவரும் பார்க்கலாம்: கன்று செவலையாகப் பிறந்து ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது. யாரும் அதற்குப் பழக்கவில்லை. அது வித்தில், அதாவது மரபணுவில், இருக்கிறது.

இப்போது யானைக்கு வருவோம். பிடிபட்ட யானையைக் கரோல் எனும் மரக்கூண்டில் அடைத்து, ஒரே பாகனும் காவடியும் (உதவிப் பாகன்) நாள் தவறாமல் கரும்பும் வெல்லமும் கொடுத்து, குரலுக்கும் தொடுதலுக்கும் பழக்குகிறார்கள். பல வாரம், சில யானைக்குச் சில மாதம் ஆகிறது. மலசரும் இருளரும் குறும்பரும் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள். அதன் அருமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது வசக்குதல். பெண் யானையின் சினைக்காலம் 18 முதல் 22 மாதம். முதல் கன்று போடவே பதின்பருவம் ஆகிவிடும். அடுத்த கன்றுக்கு நான்கைந்து வருடம். மேய்ச்சலுக்குக் காட்டில் விடும் முகாம் பெண் யானைகள் பெரும்பாலும் காட்டுக் கொம்பனோடுதான் சேர்கின்றன. தகப்பன் யார் என்பதில் பாகனுக்கோ வனத்துறைக்கோ பங்கே இல்லை. ஆகவே முகாமில் பிறக்கும் கன்றும் மரபில் காட்டு யானைக் கன்றுதான். அதையும் முதலிலிருந்தே பழக்கியாக வேண்டும்.

‘வளர்ப்பு யானை மிதித்துப் பாகன் பலி’ என்ற தலைப்பைப் படிப்பவர், வீட்டு நாய் கடித்தது போல, பழகிய யானை திடீரென்று மாறிவிட்டது என்று எண்ணுகிறார். எதுவும் மாறவில்லை. வளர்ந்த ஆண் யானைக்கு மதம் வரும். கன்னப்பொறியிலிருந்து மதநீர் வழியும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ஆண்மைச் சுரப்பு பல மடங்கு ஏறும். வாரக்கணக்கில், சில யானைக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அந்த நாட்களில் கும்கியை வேலையிலிருந்து நிறுத்தித் தனியே கட்டிவைப்பதும், பாகன் எட்ட நின்று தீனியும் நீரும் தள்ளிவிடுவதும் முகாமின் நடைமுறை. பல்லாயிரம் ஆண்டு தேர்வில் இருந்திருந்தால், மூர்க்கமான மதத்துக்குரிய வித்துகள் எப்போதோ கழிந்திருக்கும். அந்தத் தேர்வு ஒருநாளும் நடக்கவில்லை. சட்டமும் இதையே சொல்கிறது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் (பாதுகாப்பு) சட்டத்தில் யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. முகாமிலோ கோயிலிலோ பிறந்தாலும் அது அந்த அட்டவணையை விட்டு வெளியேறுவதில்லை. ‘முகாம் யானை’, ‘கோயில் யானை’, ‘பழக்கிய யானை’ என்று எழுதினால் போதும். பச்சைக்கிளியும் இதே கணக்கில் வரும். கூண்டில் இருந்தாலும் அது காட்டுயிர், அதை வைத்திருப்பது குற்றம். கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் ஆஸ்திரேலியக் குருவி கூண்டிலேயே நிறம் நிறமாகப் பெருக்கப்பட்ட வளர்ப்பினம். இரண்டையும் ‘செல்லப் பறவை’ என்று ஒரே படக்குறிப்பில் போடுவது வாசகரை வம்பில் மாட்டிவிடும்.

சாதுவாக இருப்பதுதான் வளர்ப்பினத்தின் அடையாளம் என்று நினைப்பதும் தவறு. நீலகிரியில் தோடர் எருமை வேற்றாளைக் கண்டால் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வரும். ஆனாலும் அது ஐயத்துக்கிடமில்லாத வளர்ப்பினம். அதே மலைச்சரிவில் தேயிலைத் தோட்டத்துக்குள் அமைதியாக நின்று மேயும் காட்டுமாடு, எவ்வளவு சாதுவாகத் தெரிந்தாலும், காட்டுயிர். அருணாசலப் பிரதேசத்திலும் நாகாலாந்திலும் மிதுன் என்றொரு மாடு உண்டு. அது காட்டுமாட்டின் வழிவந்த வளர்ப்பினம். கட்டுத்தறி கிடையாது, காட்டில் தன்போக்கில் திரியும். உடையவர் உப்பைக் காட்டி அழைத்தால் வரும். சங்கிலியில் நிற்கும் யானை காட்டுயிராகவும், காட்டில் திரியும் மிதுன் வளர்ப்பினமாகவும் இருப்பது இதனால்தான். போகிறபோக்கில் இன்னொன்று: இந்தக் காட்டுமாட்டைத்தான் இதழ்கள் ‘காட்டெருமை’ என்று எழுதுகின்றன. அதற்கும் எருமைக்கும் நேர் உறவில்லை. எருமையின் உண்மையான காட்டு மூதாதை இன்றும் அசாமில், காசிரங்கா போன்ற சதுப்புப் புல்வெளிகளில் இருக்கிறது. நம் நாட்டு மாட்டின் காட்டு மூதாதையோ அழிந்தே போனது. அதன் ஐரோப்பிய வகையின் கடைசி மாடு 1627இல் போலந்தில் செத்ததாகப் பதிவு இருக்கிறது.

பழக்காமலே, தேர்வினால் மட்டும் ஒரு விலங்கைச் சாதுவாக்க முடியுமா என்று சோதித்தவர் சோவியத் மரபியலாளர் திமித்ரி பெலியாயெவ். 1959இல் நோவோசிபிர்ஸ்க் நகரில் வெள்ளி நரிகளை வைத்துத் தொடங்கினார். அவருக்குப் பின் லியுத்மிலா துரூத் நடத்தினார். நரிக்குட்டிகளுக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. கையை நீட்டினால் கடிக்கிறதா, ஒதுங்குகிறதா, நெருங்கி வருகிறதா என்று மட்டும் பார்த்து, நெருங்கி வருபவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு விட்டார்கள். பத்தாவது தலைமுறையில் 18 விழுக்காடு குட்டிகள் வாலாட்டி, முனகி, மனிதரை நாடி வந்தன. இருபதாவது தலைமுறையில் 35 விழுக்காடு. தொங்கிய காதும் வெள்ளைத் திட்டும் கூடவே வந்தன என்பது இந்த ஆய்வின் புகழ்பெற்ற பகுதி. அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்த நரிகள் கனடாவின் தோல் பண்ணைகளில் பல பத்தாண்டு வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை. திட்டு நிறம் அங்கேயே இருந்தது என்று பிற்பாடு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். குணம் வித்தில் இறங்கும் என்பது மட்டும் அசைக்க முடியாதது. நரிக்கு ஒரு தலைமுறை ஒரு வருடம். யானைக்கு அதே இருபது தலைமுறை ஓட நானூறு வருடம் வேண்டும்.

தேனீ நடுவழியில் நிற்பது. மார்த்தாண்டம் பக்கம் பெட்டியில் வைக்கும் இந்தியத் தேனீ, மரப்பொந்தில் இருப்பதிலிருந்து மரபில் ஏறக்குறைய எந்த வேறுபாடும் இல்லாதது. காரணம் எளிது. புது ராணி வானில் பறந்து, எங்கிருந்தோ வரும் பல ஆண் தேனீக்களோடு சேர்ந்துவிட்டுத் திரும்புகிறது. வளர்ப்பவர் எவ்வளவு நல்ல குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தகப்பன் வழி அவர் கையில் இல்லை. யானைக்கு நேர்ந்ததே இங்கும். அதனால்தான் பிடிக்கவில்லை என்றால் குடும்பமே பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் போகிறது. பூ இல்லாத காலத்தில் தீனி தீர்ந்துபோவது, மெழுகுப்பூச்சி, எறும்பு, உச்சிவெயில், பெட்டியை அடிக்கடி திறப்பது இவைதான் ஓட்டத்துக்குக் காரணம். பஞ்ச மாதங்களில் சர்க்கரையும் நீரும் சம அளவில் கலந்த பாகை மாலையில் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் கொள்ளையடிக்க வந்துவிடுவார்கள், தேனீக்களைச் சொல்கிறோம். தேனீ மூடாத அடைகளை எடுத்துவிட்டுச் சட்டங்களைக் குறைக்க வேண்டும்; தாங்கியின் காலடியில் நீர்க்கிண்ணம் வைக்க வேண்டும்; புதிதாகப் பிடித்த குடும்பத்துக்குச் சில நாள் வாசலில் ராணித் தடுப்பு (ராணி நுழைந்து வெளியேற முடியாத சல்லடை) போட வேண்டும். தடுப்பை மாதக்கணக்கில் விட்டுவிட்டால் ஆண் தேனீ வெளியேற முடியாமல் உள்ளே செத்துக் குவியும். தேனீ வளர்ப்புப் பயிற்சியில் ‘வளர்ப்புத் தேனீ ஏன் ஓடுகிறது?’ என்று வியப்போடு கேட்கிறார்கள். ஓடாமல் இருந்தால்தான் வியப்பு.

முழுக்க வளர்ப்பினமான பூச்சி வேண்டுமென்றால் பட்டுப்புழு. சீனத்தில் ஐயாயிரம் ஆண்டாகத் தேர்வில் இருப்பது. தட்டில் மூடியே இல்லாமல் விட்டாலும் புழு இறங்கிப் போகாது. தழை வரும்வரை காத்துக் கிடக்கும். அந்துப்பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்கத் தெரியாது. டசார் பட்டுப்புழு அப்படியல்ல, மருத மரத்தில் விட்டுக் காவல் காக்க வேண்டியது.

செடிகளைப் பற்றி இதழ்கள் குறைவாக எழுதுவதால் அங்கே தவறும் குறைவு. ஆனால் சொல் தெளிவு அதிகம் தேவைப்படுவது அங்கேதான். காட்டு நெல் முற்றியதும் தானே உதிரும். மணிக்கும் காம்புக்கும் நடுவே ஓர் உதிர் அடுக்கு உருவாகி, அங்கே கழன்று விழும். நாம் பயிரிடும் நெல்லில் அந்த அடுக்கு சரியாக உருவாவதில்லை. இதற்கு முக்கியக் காரணமான எஸ்எச்4 மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருப்பதை 2006இல் கண்டுபிடித்தார்கள். கூடையை ஏந்தித் தட்டி அறுவடை செய்தால் உதிரும் மணிதான் கைக்கு வரும். அதையே விதைத்தால் உதிரும் நெல்லே தொடரும். கதிரை அரிவாளால் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்தால் உதிராத மணிதான் வந்து சேரும். கருவி மாறியதும் தேர்வும் திசை மாறியது. அதுவும் ஒரே நாளில் இல்லை. சீனத்தின் கீழை யாங்சி பகுதியில் தியான்லுவோஷான் என்ற இடத்தில் தோண்டியெடுத்த நெல் காம்படிகளில், உதிராத வகை 27 விழுக்காட்டிலிருந்து 39 விழுக்காட்டுக்கு ஏற ஏறத்தாழ முந்நூறு ஆண்டு ஆகியிருக்கிறது. அறுத்தவர்களுக்கு ஓர் இனத்தை உருவாக்குகிறோம் என்ற எண்ணமே இருந்திருக்காது.

இதற்கு நேரெதிர் எள். இந்தியத் துணைக்கண்டத்திலேயே பயிரினமானது; ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. நாலாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் எள்ளுக்காய் இன்னும் வெடிக்கிறது. ஏன்? உழவருக்கு அது வெடிக்க வேண்டும். வயலில் வெடிக்கக் கூடாது, களத்தில் வெடிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வெடிக்காத எள் 1943இல் வெனிசுவேலாவில் ஒரு திடீர் மாற்றமாகக் கிடைத்தது. ஆனால் அந்தக் காயை இயந்திரத்தில் உடைத்தால்தான் எள் வெளியே வரும். உடைத்தால் விதையும் நசுங்கும், எண்ணெய் கெடும். ஆக, எள்ளில் மனிதத் தேர்வு பாதியில் நின்றது என்பதைவிட, வேண்டிய இடத்தில் நின்றது என்பதே பொருத்தம். விலை என்னவென்றால் அறுவடையில் நாள் தவறக் கூடாது. அடியிலைகளில் கால்பங்கு உதிர்ந்து, தண்டும் அடிக்காயும் மஞ்சளாகும்போது, அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பார்க்க வேண்டும். விதை அந்த ரகத்துக்குரிய நிறத்துக்கு வந்திருந்தால் அறுத்துவிடலாம். மேல்காயும் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வயலிலேயே கொட்டிவிடும். அறுத்த செடிகளைத் தலை உட்புறமும் தூர் வெளிப்புறமுமாக வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூடி ஐந்து நாள் புழுங்க விட வேண்டும். பிறகு களத்தில் வெயிலில் பரப்பி உலுப்பினால் முதல் நாளே முக்கால் பங்கு எள் கொட்டும். மீதிக்கு இன்னும் இரண்டு நாள்.

நம் மொழிக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. நாட்டுக்கோழி, காட்டுக்கோழி என்கிறோம். செடியில் இன்னும் துல்லியமாகப் ‘பேய்’ என்ற முன்னொட்டு உண்டு: பேய்ச்சுரை, பேய்ப்புடல். உண்ண முடியாத காட்டு வடிவத்துக்கு முன்னோர் வைத்த அடையாளம். சுரையின் காட்டு வடிவம் கடும் கசப்பு. அந்தக் கசப்புப் பொருளைக் களைந்ததுதான் சுரை பயிரினமான கதை. ஆனால் கசப்பின் மரபணு மேலோங்குவது; பெற்றோரில் ஒன்றிடமிருந்து வந்தாலே கசப்பு வெளிப்படும். பக்கத்துக் கொடியில் பேய்ச்சுரை பூத்து, அதன் மகரந்தம் நம் கொடியின் பெண்பூவில் விழுந்தால், இந்த ஆண்டுக் காய் இனிப்பாகவே இருக்கும். அதன் விதையை அடுத்த ஆண்டு போட்டால்தான் காய் கசக்கும். வீட்டில் விதையெடுப்பவர் திகைப்பது இங்கேதான். சான்று விதை உற்பத்தியில் சுரைக்கு 500 மீட்டரும், அதற்கு மூலமான ஆதார விதைக்கு 1,000 மீட்டரும் தனிமைத் தூரம் (வேறு சுரைக் கொடிகளிலிருந்து விலகல்) கேட்பது இதற்காகத்தான். வீட்டுத் தோட்டத்தில் அவ்வளவு தூரத்துக்கு எங்கே போவது? சுரைப்பூ அந்தியில் விரியும். அன்று மாலை விரியப்போகும் பெண்மொட்டையும் ஆண்மொட்டையும் விரியும் முன்பே நூலால் கட்டிவிட்டு, விரியும் நேரத்தில் அவிழ்த்து, ஆண்பூவின் தூளைச் சூல்முடியில் தடவி, பெண்பூவை மீண்டும் காகித உறையால் மூடி இரண்டு நாள் விடுங்கள். அந்தக் காயில் அடையாளக் கயிறு கட்டி, அதை மட்டும் விதைக்கு விடுங்கள். சமைக்கும் முன் சுரைக்காயில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் கட்டாயம். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கும் சுரைச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.

கைவிட்டுப்போய்க் காட்டுத்தன்மைக்குத் திரும்பியவற்றுக்கும் தனிச்சொல் வேண்டும். கோடியக்கரையில் திரியும் குதிரைகளைக் ‘காட்டுக் குதிரை’ என்று எழுதுகிறார்கள். அவை மனிதர் விட்டுப்போன வளர்ப்பினக் குதிரைகளின் வழிவந்தவை. ‘காடேறிய குதிரை’ என்றால் சரியாக இருக்கும். நேரடி விதைப்பு வயல்களில் தொல்லை தரும் களைநெல்லும் பெரும்பாலும் இப்படிக் காடேறியதே. நாம் பயிரிட்ட நெல்லிலிருந்தே உதிரும் குணம் மீண்டு வந்தது, அல்லது காட்டு நெல்லோடு கலந்து பிறந்தது. அதை வெறுமனே ‘காட்டு நெல்’ என்று செய்தியில் போட்டால், வரப்போரத்திலிருந்து வந்தது என்று எண்ணி உழவர் வரப்பைச் சுத்தம் செய்வார். அது பெரும்பாலும் விதைநெல்லோடு மூட்டையில் வந்தது, அல்லது சென்ற போகத்தில் அதே மண்ணில் உதிர்ந்தது. நெல்லுக்குள் நெல் என்பதால் களைக்கொல்லியும் பிரித்தறியாது. விதைப்புக்கு முன் நிலத்துக்கு ஒரு தண்ணீர் விட்டு, முளைப்பதை முளைக்கவிட்டு, இரண்டு வாரத்தில் உழுது அழிக்க வேண்டும். முடிந்தால் இதை இருமுறை செய்ய வேண்டும். தொல்லை மிகுந்த வயலில் ஓரிரு போகம் நேரடி விதைப்பை விட்டு வரிசை நடவுக்கு மாறினால், வரிசைக்கு வெளியே முளைத்ததைக் கையால் பிடுங்கலாம். கதிர் வந்தபின் என்றால் மணி உதிரும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். விதை வாங்கும்போது ஒரு கைப்பிடி நெல்லை உமி நீக்கிப் பாருங்கள்; வெள்ளை அரிசி ரகத்தில் சிவப்பு அரிசி தென்பட்டால் அந்த மூட்டை வேண்டாம். மாப்பிள்ளைச் சம்பா போலச் சிவப்பரிசி ரகம் போடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவர்கள் தாங்களே கதிர் பார்த்து, உயரமும் பூக்கும் நாளும் ஒத்திருக்கும் செடிகளிலிருந்து விதை எடுப்பதுதான் வழி.

இப்படிக்கு,
கால்நடை மரபியல், பயிர் மரபியல் ஆசிரியர்கள் இருவர் (பணி ஓய்வு),
நாமக்கல் – கோயம்புத்தூர்.